அளவு ஜாக்கெட் கொண்டுவராத கதாநாயகி

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் துணைவிதி பதினான்கு, உட்பிரிவு மூன்று இப்படிச் சொல்கிறது: ‘பொது அரங்கைப் பயன்படுத்தக் கோரி உறுப்பினர் எவரேனும் எழுத்துமூலம் விண்ணப்பித்து, பதினைந்து நாட்களுக்குள் காரணம் குறிப்பிட்டு மறுப்பு ஏதும் தரப்படாவிடில், அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.’ இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது. எழுதியவன் நான் என்பதாலேயே இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

அந்த விதி ஆளும் அரங்கு மயிலாப்பூரில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. சீமந்தம், பிறந்தநாள், பஜனை எல்லாம் பார்த்த இடம். ஒரு முறை சர்க்கரை நோய் விழிப்புணர்வு முகாம் நடத்தி, முடிவில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். அதற்குக்கூட மறுநாளே அனுமதி கிடைத்தது. என் மனைவி கேட்டபோதுதான் சங்கத்துக்கு யோசனை வந்தது.

அவள் கேட்டது இவ்வளவுதான்: தான் நடித்த படத்தை, இத்தனை வருடமாகத் தன்னோடு ஒரே கட்டடத்தில் வாழும் பெண்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும்.

அவள் தொழிலால் நடிகை இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளைப் பக்கத்தில் நின்று ஒரு பெண் பார்த்திருக்கிறாள். அடையாறில் வசிப்பவள், முப்பது வயது இருக்கும், இரண்டு குறும்படங்கள் எடுத்தவள்.

“ஆன்ட்டி, ஒரு கத்தரிக்காயை எடுத்து, விரலால மெதுவா ஒரு தடவு தடவிட்டு, வேண்டாம்னு வெச்சீங்களே. அதை என் படத்துல பண்ணுவீங்களா?”

“சொத்தை இருக்கான்னு பார்த்தேன்மா” என்றாளாம் என் மனைவி.

அடுத்த வாரமே அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குக் கதையோடு வந்துவிட்டாள். ஒரு படத்துக்குள் நான்கு கதைகள். எல்லாம் ஆசையைப் பற்றியவை. “எந்த ஆசை?” என்று கேட்டேன். கோரிக்கையின் பொருள் தெளிவாக இல்லாவிட்டால் மேலே படிக்க எனக்கு வராது. “உடம்போட ஆசைதான் அங்கிள்” என்றாள், கூச்சமே இல்லாமல், காபியை உறிஞ்சியபடி. முதல் கதையில் அசோக் நகரில் ஒரு கூட்டுக்குடும்பம்; புதிதாகக் கல்யாணமான இருவருக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று கிடைப்பதில்லை. இரண்டாவது, விடுதியில் இரண்டு பெண்கள். ஒருத்தி துவைக்காமல் போட்டுவிட்டுப் போன துப்பட்டாவை இன்னொருத்தி தலையணைக்குள் வைத்துக்கொள்கிறாள். நான்காவதில், மனைவியை இழந்த ஒருவர் கட்டிலில் அவள் படுத்த பக்கத்துக்கு மாறிப் படுக்கிறார். மூன்றாவதுதான் என் மனைவிக்கு.

நம் பெண்கள் தையற்கடைக்குப் போகும்போது, சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோவார்கள். அளவு ஜாக்கெட். தையற்காரர் அதை மேசைமேல் விரித்து, அதைப் பார்த்துப் புதியதை வெட்டுவார். நாடா உடம்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெண் தன் ஆயுள் முழுக்க யாரும் தன்னை அளக்காமலே நன்றாகத் தைத்த துணி உடுத்திவிட முடியும். கதையில் தி. நகரில் வாழும் ஒருத்தி, ஒரே கடையில் பல வருடங்களாக இப்படித்தான் தைக்கிறாள். கணவர் உயிரோடுதான் இருக்கிறார், செய்தித்தாளுக்குப் பின்னால். ஒரு நாள் தையற்காரர் வழக்கம்போல் நிமிராமல் கையை நீட்டுகிறார். அவள், “கொண்டு வரலை. அளந்து எடுத்துக்குங்க” என்கிறாள். அவர் கழுத்திலிருந்து நாடாவை எடுக்கிறார். தோள், முதுகு, கை. அவ்வளவுதான் கதை. அவள் தெருவில் இறங்கி நடக்கும்போது, பைக்குள் அளவு ஜாக்கெட் இருப்பது நமக்கு மட்டும் தெரியும்.

“அந்தக் கணவர் யாரையாவது பார்த்து எழுதினதா?” என்று கேட்டேன். இரண்டு பெண்களும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள்.

மனைவி என்னிடம் அனுமதி கேட்கவில்லை, கருத்துக் கேட்டாள். என்னைப்போல் அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். அனுமதி கேட்டால் மறுக்கலாம். கருத்துக் கேட்டால், கோப்பு ஏற்கெனவே மேலே முடிவாகிவிட்டது என்று பொருள். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்து, ஓரங்களில் திருத்தங்கள் எழுதி, படப்பிடிப்பில் மின்விசிறி கட்டாயம் என்று ஒரு பிரிவையும் சேர்த்துக் கொடுத்தேன். “அங்கிள், ஒப்பந்தத்தைவிட உங்க குறிப்பு நீளமா இருக்கு” என்றாள் அந்தப் பெண். ஆனால் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

தி. நகரில் ஒரு சந்துக்குள் உண்மையான தையற்கடையில் படம் எடுத்தார்கள். தையற்காரராக நடித்தவர் கே.கே. நகரிலிருந்து வந்த நாடகக்காரர். மிக மரியாதையானவர், ஒவ்வொரு முறையும், “தொடப்போறேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். நான் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றேன். வெளியே கரும்புச்சாறு இயந்திரம் ஓயவில்லை. அதன் சத்தத்தால் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் நாடாவின் பித்தளை நுனி பிடரியில் பட்டதும் அவள் கண்களை மூடினாள். ஒவ்வொரு முறையும் அது முதல் முறையாகவே இருந்தது. வேலையைச் சரியாகச் செய்கிறவர்கள் அரசாங்கத்தில் மிகக் குறைவு. அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு அந்தக் கடைக்குள் அப்படி ஒருத்தியைப் பார்த்தேன். அவள் என் வீட்டில் இருப்பவள் என்பது கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது.

“ஆன்ட்டி, அந்த நேரத்துல என்ன நினைச்சீங்க?” என்று இயக்குநர் கேட்டாள்.

“அது உனக்கு எதுக்கு? வந்துதா, வரலையா?”

ஆட்டோவில் திரும்பும்போது நானும் அதையே கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பதில் கிடைத்தது. “எக்ஸ்சேஞ்சுல இத்தனை வருஷம் ஊர்ல இருக்கறவங்க பேசினதெல்லாம் காதுல விழுந்தும் விழாத மாதிரி உக்காந்திருந்தேன். அதுவும் நடிப்புதானே?”

படம் நேராக ஓ.டி.டி.யில் வந்தது. அதற்கு முன்னால் முன்னோட்டம் வந்தது. எங்கள் கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் யாரோ புண்ணியவான் அதைப் போட்டார். நான்கு கதைகளிலிருந்தும் பொறுக்கி ஒட்டிய துண்டு. அதில் என் மனைவியின் பிடரியும், ஆண் கை ஒன்றும், மூடிய கண்களும், பின்னால் அனாவசியமாகப் பெருமூச்சு விடும் ஒரு புல்லாங்குழலும் இருந்தன. குழுவில் அரை நாள் பேச்சு மூச்சே இல்லை. பிறகு ஒருவர் ரோஜாப்பூ போட்டு ‘இனிய மாலை வணக்கம்’ சொன்னார்.

அதற்குப் பிறகு பெண்கள் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. மின்தூக்கியில் பார்த்தால் செல்போனை எடுத்தார்கள். முதல் மாடி மாமி, எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மாமிதான், தினமும் சாயங்காலம் கீழே சிமென்ட் பெஞ்சில் என் மனைவியோடு உட்கார்ந்து ஊரை அளப்பவர். அவர் இறங்கி வருவதே நின்றுபோனது. மனைவி சில நாட்கள் தனியாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு மேலே வந்தாள். பிறகு அவளும் இறங்கவில்லை.

“படத்தைப் பார்த்துட்டுத் திட்டட்டும், வாங்கிக்கறேன்” என்றாள் ஒரு நாள், கீரையை ஆய்ந்தபடி. “பார்க்காமலே ஒதுங்கறாங்களே, அதைத்தான் தாங்க முடியலை.”

பார்க்க அவர்களுக்கு இடமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். டி.வி. கூடத்தில் இருக்கிறது. ரிமோட் பேரன் கையில் இருக்கிறது. படத்துக்கு முன்னால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று போடுகிறார்கள். மகனும் மருமகளும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கூடத்தில், எழுபது வயதுப் பெண்மணி அதை எப்படிப் போட்டுப் பார்ப்பாள்? அதனால்தான் அரங்கைக் கேட்டோம்.

இயக்குநரிடம் எழுத்துமூலம் திரையிடும் ஒப்புதல் வாங்கிவிட்டு, அரங்குக்கான படிவத்தை நானே நிரப்பினேன். ‘நோக்கம் (விரிவாக)’ என்ற கட்டத்தில், ‘ஆசை மற்றும் புலனின்பம் குறித்த நான்கு கதைகளின் தொகுப்பாக அமைந்த திரைப்படத்தை உறுப்பினர்களுக்குத் திரையிடுதல்’ என்று எழுதி, செயலரிடம் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கி வந்தேன். நகலைப் பார்த்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“சினிமான்னு ஒரு வார்த்தை போதாதா?”

“விரிவாகன்னு போட்டிருக்கு.”

“பொங்கல் விழாவுக்கு ‘சூரிய வழிபாடு மற்றும் சர்க்கரை நுகர்வு’ன்னா எழுதினீங்க? இதை மட்டும் இவ்வளவு விலாவாரியா எழுதணுமா? புலனின்பமாம்! அந்த ஆள் பயந்து போயிருப்பான்.”

படிவத்தை வடிவமைத்தவன் நான். அதை நானே அரைகுறையாக நிரப்ப முடியுமா? இதை நான் சொன்னபோது அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பதில் வரவில்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அந்தச் சொற்களை அவரும் எழுத வேண்டும். இந்த நெருக்கடி செயலருக்குப் புரிந்திருக்கிறது. ஐ.டி. வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கியவர், நல்ல மனிதர். குழாய் உடைந்தால் நள்ளிரவானாலும் எழுந்து வருவார். ஆனால் பதினைந்து நாளும் என்னைக் கண்டால் மாடிப்படியில் ஏறினார். கெடு கடந்த மறுநாள் அவரை மின்தூக்கிக்குள் பிடித்தோம்.

“பார்த்துக்கிட்டே இருக்கோம் சார்.”

“பார்க்க வேண்டிய காலம் முடிஞ்சுது. பதினான்கு, மூன்றுபடி அனுமதி கிடைச்சாச்சு. சனிக்கிழமை சாவி மட்டும் வேணும்.”

“சார், அது கல்யாணம், காதுகுத்துக்குன்னு போட்ட ரூல் சார்.”

“அப்படி எங்க எழுதியிருக்கு?”

அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. லேடீஸெல்லாம் சங்கடப்படுவாங்க.”

“எந்த லேடீஸ்? பேர் சொல்லுங்க.”

செயலர் மின்தூக்கியின் மாடி எண்களை மிகுந்த கவனத்தோடு படித்தார். மூன்றாவது மாடி வந்ததும் அவருக்கு ஒரு சமரசம் தோன்றியது. “உங்க கதையை மட்டும் வேணா போடலாமா மேடம்? மத்ததெல்லாம் கொஞ்சம்... ஒரு மாதிரி...”

“நாலும் சேர்ந்தாதான் படம்” என்றாள் என் மனைவி. “எனக்கு இருக்கற உடம்பு மத்த மூணு பேருக்கும் இல்லையா?”

கதவு திறந்தது. அது அவருடைய மாடி இல்லை. இருந்தாலும் இறங்கிவிட்டார்.

துணைவிதியின் எண்ணைக் குறிப்பிட்டு அறிவிப்புப் பலகையில் அழைப்பை ஒட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் அரங்கு வாசலில் பூட்டு தொங்கியது. வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

“சாவி செகரட்டரி சாரு எத்துக்கினு பூட்டாரு சார். தாம்பரத்துல மச்சான் ஊட்டு விசேசமாம். அவங்க அம்மாவையும் இட்டுக்கினு போயிருக்காரு.”

நான் பேனாவை எடுத்தேன். கதவில் ஒட்டுவதற்கான கண்டனக் குறிப்பின் முதல் வாக்கியம் மனதில் ஓடத் தொடங்கியிருந்தது. அப்போது மின்தூக்கி திறந்தது. கையில் விசிறியோடு நான்காவது மாடிப் பெண்மணி வந்தார். பின்னால் இன்னும் மூவர். படிக்கட்டிலிருந்து ஒரு கூட்டம். நல்ல புடவை கட்டி, தண்ணீர் பாட்டிலோடு, ஏதோ கச்சேரிக்குப் போவதுபோல வந்திருந்தார்கள். பாராட்ட வந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வம்புக்கு வந்தவர்கள்தான். ஆனால் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பின்னால், யாரையும் பார்க்காமல், முதல் மாடி மாமி.

மனைவி பூட்டைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நெஞ்சு படபடக்கும்போது அவளுக்குக் கழுத்து சிவக்கும். அப்போது சிவந்திருந்தது. இந்தக் கூட்டம் இப்படியே மேலே ஏறினால் மறுபடி இறங்கி வராது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

“பேனாவை மூடுங்க” என்றாள். “கார் பார்க்கிங்ல படம் போடக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா?”

எல்லா விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வாகனம் கழுவுதல், பழுது பார்த்தல், பந்து விளையாடுதல் எல்லாம் தடை செய்யப்பட்டிருந்தன. சினிமாவை நான் யோசித்திருக்கவில்லை. “இல்லை” என்றேன்.

வாட்ச்மேன் இரண்டு ஸ்கூட்டரையும் ஒரு காரையும் நகர்த்த வைத்தார். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வெள்ளைச் சுவர் திரையானது. இயக்குநர் அடையாறிலிருந்து கொண்டுவந்த புரொஜெக்டரை ஸ்டூல்மேல் வைத்தாள். பெண்கள் மேலே போய் ஆளுக்கு ஒரு நாற்காலியோடு திரும்பினார்கள். யாரோ கொசுவர்த்தி கொளுத்தினார்கள். கணவன்மார்கள் சிலர் தூணோரம் நின்று தங்கள் கார்களின் டயர்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

முதல் கதைக்குச் சிரித்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் இருந்து வந்தவர்கள். தாழ்ப்பாளின் அருமை தெரியும். துப்பட்டாவுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. “பாவம், குழந்தைகள்” என்றது ஒரு குரல். மூன்றாவது தொடங்கியது.

தையற்காரர் நிமிராமல் கையை நீட்டினார். “கொண்டு வரலை” என்றாள் சுவரில் இருந்த என் மனைவி.

“அடிப்பாவி!” என்று கூட்டத்திலிருந்து ஒரு சத்தம். அவ்வளவு மதிப்போடு அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு விசிறிகள் நின்றுவிட்டன. நாடா தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கிய நேரத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடையில், அந்த நீட்டிய கைக்கு முன்னால், ஆளுக்கு ஒரு பையோடு அவர்கள் எல்லோரும் நின்றிருக்கிறார்கள். அளவு ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று ஒருத்தியாவது எப்போதாவது நினைத்திருப்பாள்.

தூணோரம் நின்ற பழைய வங்கி மேலாளர் என் காதருகே வந்தார். “அந்த சீன் எப்ப சார் வரும்?”

“எந்த சீன்?”

“அதான் சார், பதினெட்டுப் பிளஸ்.”

“முடிஞ்சுபோச்சு சார்.”

வாட்ச்மேனும் குழம்பிப்போயிருந்தார். “ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்தாரு, அவ்ளோதானே சார்? இதுல இன்னா கீது?” கேட்டது முன்வரிசைப் பெண்களின் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஆண்கள் யாருக்கும் இடமில்லை, எனக்கும் சேர்த்துத்தான். படத்தில் அவள் தெருவில் இறங்கியதும் பைக்குள் இருந்த பழைய ஜாக்கெட்டைக் காட்டியபோது கைதட்டினார்கள்.

நான்காவது கதை முடிந்து விளக்கு எரிந்ததும் மாமி நாற்காலியைப் பிடித்து எழுந்து என் மனைவியிடம் வந்தார்.

“ஏன்டி, ஆத்துல எல்லாரும் இருக்கச்சே இதை எப்படிப் பார்க்கறதுன்னுதான்...”

“படத்தைப் பார்க்காட்டிப் போகுது மாமி. பெஞ்சுக்கு வந்திருக்கலாமில்ல? என்கிட்ட பேசியிருக்கலாமில்ல?”

“என்னத்தைப் பேசறது?” மாமியின் குரல் கீழே இறங்கியது. “அந்த முன்னோட்டத்துல கண்ணை மூடிண்டு நின்னியே, அந்த மூஞ்சி. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையா இருந்தது. எழுபது வயசுல இதை நான் யார்கிட்டன்னு சொல்லுவேன்?”

மனைவி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள், மூச்சு வாங்கும் அளவுக்கு. நான் நாற்காலிகளை எண்ணி அடுக்குவதுபோல் விலகிப் போனேன். கண் கலங்கியதற்குக் கொசுவர்த்திதான் காரணம் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். “ஆமா சார், பொகை ஜாஸ்தி” என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

என் பணிக்காலத்தில் எனக்கு இரண்டு பாராட்டுச் சான்றிதழ்கள் கிடைத்தன. சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவற்றைப் பார்த்து யாரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்ததில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு தெருவில் யாராவது என்னைப் பார்த்து, “நீங்க அந்த ஆர்ட்டிஸ்ட்டோட ஹஸ்பெண்டுதானே?” என்றால், ‘முன்னாள் அரசு அதிகாரி’ என்று திருத்துவதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் இன்னும் ஏதாவது கேட்பார்களா என்று கொஞ்சம் நிற்கிறேன்.

தாம்பரத்திலிருந்து திரும்பிய செயலருக்கு வீட்டிலேயே விசாரணை காத்திருந்தது. அவருடைய தாயார் படத்தைத் தவறவிட்டிருந்தார். மாமி ஒருவர் போதும், நடந்ததைக் காட்சி காட்சியாகச் சொல்ல. “ஊரே பார்த்திருக்கு, என்னை எதுக்குடா விருந்துச் சாப்பாட்டுக்கு இழுத்துட்டுப் போனே?” என்று அந்த அம்மாள் கேட்டது இரண்டு மாடிக்குக் கேட்டது. வராமல் போன வேறு சிலரும் செயலரை வழிமறித்தார்கள். மனிதர் மறுபடியும் மாடிப்படியில் ஏற ஆரம்பித்தார். இந்த முறை பெண்களைக் கண்டு.

ஒரு நாள் காலை வாட்ச்மேன் உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கத்தின் முத்திரையோடு பதில். வரிசை எண், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருந்தன, என்னிடம் கற்றதுதான். ‘தாங்கள் நடித்த தொகுப்புத் திரைப்படத்தை, நான்கு கதைகளையும் முழுமையாக, தங்களுக்கு வசதிப்படும் சனிக்கிழமையன்று பொது அரங்கில் மீண்டும் திரையிட்டு உதவுமாறு செயற்குழு கேட்டுக்கொள்கிறது.’ இந்த வீட்டுக்குச் சங்கம் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் இதுவரை என் பெயருக்கே வந்திருக்கின்றன. இது அவள் பெயருக்கு வந்திருந்தது, ‘திரைக் கலைஞர்’ என்ற சொல்லோடு. அடியில் ஒரு வரி: ‘நகல்: அன்னாரின் கணவருக்கு, தகவலுக்காக.’

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “எழுதத் தெரிஞ்சிருக்கே அந்த ஆளுக்கு” என்று சொல்லிவிட்டு, மாமியிடம் காட்டக் கீழே இறங்கிப் போனாள். எனக்குரிய நகலில் செயலர் தேதி போட மறந்திருந்தார். இப்படி ஒரு கடிதத்தைத் தேதியில்லாமல் கோப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேல் ஓரத்தில் நானே எழுதினேன்: பெறப்பட்டது, கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், வியாழக்கிழமை, முற்பகல்.